அம்மா கண்ணைக் கசக்கவில்லை

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. ஆண்டுத் திதிக்கு வரும் சொந்தங்களின் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் போடலாம், நாலு பக்கம் எழுதிக் கொடு என்று அண்ணன் கேட்டார். பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், பட்ட பாடு, நல்ல குணம், கடைசி நாள், நன்றி என்று வரிசையும் அவரே சொல்லிவிட்டார். எனக்கு எழுத்து வராது. இராமநாதபுரத்தில் கண் மருத்துவமனையில் நோயாளிகளின் பவரைச் சீட்டில் எழுதுகிற எழுத்துதான் என் எழுத்து. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம் இருக்கிறது. கண் ஆபரேசன் முடிந்த கையோடு கண்ணைக் கசக்கி, வைத்த லென்ஸைத் தானே கெடுத்துக்கொண்டவர் என்று அம்மாவைப் பற்றி நம் சொந்தபந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. நீங்களும் கேட்டிருப்பீர்கள், சிரித்தும் இருப்பீர்கள். அது பொய். அந்தப் பேச்சை அழித்துவிட்டுத்தான் அம்மாவுக்குத் திதி கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அண்ணன் சொன்ன வரிசையிலேயே போகிறேன்.

அம்மா பிறந்தது உத்தரகோசமங்கைக்குப் பக்கத்துச் சிற்றூரில், சம்சாரி வீட்டில். மழை பெய்தால் நெல், பொய்த்தால் மிளகாய், அதுவும் போனால் கூலி வேலை. கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன், நம் மாமா. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னால் அம்மா வேறு எதையோ எழுதுவாராம். ‘ப’ இருந்தால் ‘ம’ என்பார், எட்டை மூன்று என்பார். மண்டையில் ஏறாத பிள்ளை என்று வாத்தியார் சொன்னதை வீட்டிலும் நம்பிவிட்டார்கள். கண்ணில் கோளாறு இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எதையும் உற்றுப் பார்க்க வேண்டுமானால் அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு தலையை இடது தோள் பக்கம் கொஞ்சம் சாய்ப்பார். அப்படிச் சாய்த்தால்தான் எழுத்து ஓரளவு பிடிபடும். வாலிநோக்கத்தில் வாக்கப்பட்டு வந்த புதிதில், பார்வையே ஒரு தினுசாக இருக்கிறதே, திமிர் பிடித்தவளோ என்று புகுந்த வீட்டில் பேசிக்கொண்டார்களாம். எங்கள் அய்யா மட்டும், என் பொண்டாட்டி ஊரையே சாய்ந்துதான் பார்ப்பாள், நீங்கள் நேராக நின்று என்ன பிரயோசனம் என்று கேலி பேசி வாயை அடைத்துவிடுவார்.

அய்யாவுக்கும் அம்மாவுக்கும் உப்பளத்தில் வேலை. விடியுமுன் போய் வெயில் ஏறுமுன் பாத்தியில் உப்பை வாரிக் குவித்துக் கரைக்குச் சுமக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் அந்த வெள்ளையைப் பார்க்க முடியாது. கண் கூசும், நீர் வடியும். உப்பளத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம், கையைக் கண்ணுக்குக் கொண்டு போகாதே என்பதுதான். ஒரு தடவை மறந்து கசக்கினால் அன்றைய பொழுது போயிற்று. அம்மா அந்தப் பாடத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். வெங்காயம் உரிக்கையில் கண் கரித்தால்கூட தோளைத் தூக்கி ரவிக்கைக் கையில்தான் துடைத்துக்கொள்வார். எங்கள் கண்ணில் தூசி விழுந்தால் கையைப் பிடித்துக்கொண்டு ஊதுவாரே தவிர, கசக்க விடமாட்டார். இந்தப் பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பத்தாவது படிக்கும்போது அய்யா தவறிவிட்டார். அதன் பிறகு அம்மா ஒற்றை ஆளாக உப்புச் சுமந்து எங்களை ஆளாக்கினார். அண்ணன் மெக்கானிக் வேலை கற்று உச்சிப்புளியில் பட்டறை வைத்தார். நான் இரண்டு வருடம் கண் பரிசோதனைப் பயிற்சி முடித்தேன். எங்கள் வீட்டில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான்தான் என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. பயிற்சி முடித்துச் சான்றிதழ் தருகிற அன்று வருகிறேன் என்று கிளம்பியவர், இராமநாதபுரம் பஸ் என்று நினைத்துச் சாயல்குடி பஸ்ஸில் ஏறிவிட்டார். எல்லாம் முடிந்து நாற்காலி மடக்கும்போதுதான் வந்து சேர்ந்தார். பஸ் மாறிப்போனதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பக்கமும் ஒரு சோலி இருந்தது என்றார். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்க முடியாதவர் என்பதை வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சம். நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் இது எங்கிட்டுப் போறது என்று கேட்பதும் கூச்சம். அதனால் அம்மா தனியாக எங்கும் போகாமலே காலத்தை ஓட்டிவிட்டார்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. மருத்துவமனைக்குக் கூட்டி வந்து நானே சோதித்தேன். புரையை விடப் பெரிய சங்கதி அன்றுதான் தெரிந்தது. அம்மாவின் கருவிழி பிறவியிலேயே பந்து போல உருண்டையாக இல்லாமல் முட்டை போல ஒரு வாக்கில் நீண்டிருந்தது. அப்படி இருந்தால் வெளிச்சம் ஒரே புள்ளியில் குவியாது. எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து விழும், கோடு இழுபடும். அதற்குச் சிலிண்டர் பவர் என்று நாங்கள் சொல்வோம். அந்த நீள்வாக்கு அம்மாவுக்குச் சாய்வாக இருந்ததால்தான் தலையையும் சாய்த்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பிலேயே ஒரு கண்ணாடி போட்டிருந்தால் அம்மா மேலே படித்திருப்பார். இதை நினைத்து நான் அழுதேன். அம்மா அழவில்லை. ஊருக்குப் போய், என் கண்ணுக்குள்ள சிலிண்டரு இருக்காம், இனி அடுப்புக்குத் தனியா வாங்க வேண்டியதில்லை என்று சொல்லித் தெருவையே சிரிக்க வைத்துவிட்டார்.

எங்கள் டாக்டரம்மா பொறுமையானவர். உப்பளத்து வெயிலில் அம்மாவின் வலது கண் ஓரத்தில் சதை வேறு வளர்ந்து கருவிழியை இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் சதையை எடுப்போம், கருவிழி தன் வடிவுக்கு வந்து அமரட்டும், பிறகு அளவெடுத்துப் புரையை எடுப்போம் என்றார். சாதாரண லென்ஸ் வைத்தால் புரை போகும், சிலிண்டர் அப்படியே நிற்கும். ஆகவே சிலிண்டரையும் சேர்த்துத் திருத்தும் லென்ஸ் வைக்க முடிவு செய்தார். சதை எடுத்த பின் இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார் அம்மா. பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் ஒரு சொட்டு என்று கணக்கு வைத்திருந்தார். சொன்ன பேச்சு கேட்காதவர் என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாதாரண லென்ஸ் எந்தப் பக்கம் திரும்பி இருந்தாலும் வேலை செய்யும். இது அப்படி இல்லை. கண்ணின் நீள்வாக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதற்கு ஏற்ற கோணத்தில் அமர வேண்டும். பதினைந்து பாகை விலகினால் பாதிப் பலன் போய்விடும். முப்பது விலகினால் போட்டும் போடாததுதான். படுத்தால் கண் உள்ளுக்குள் சற்றுச் சுழன்றுகொள்ளும். அதனால் ஆபரேசனுக்கு முன் ஆளை உட்கார வைத்து, தலையை நேராக நிறுத்தி, கருவிழி ஓரத்தில் இடமும் வலமும் மையால் இரண்டு குறி வைப்போம். கொத்தனார் ரசமட்டம் வைப்பது போலத்தான். குறி வைக்கும் எங்கள் கருவியிலும் அது போல நீர்க்குமிழ் ஒன்று உண்டு. உள்ளே டாக்டர் அந்தக் குறியை நம்பித்தான் லென்ஸைத் திருப்புவார். அம்மாவின் கண்ணை அளந்தது என்னோடு வேலை செய்யும் ரஹ்மத். அளக்கும்போது தாடையையும் நெற்றியையும் கருவியில் பொருத்தித் தலையை நேராக வைத்து, சரியாகவே அளந்தாள். குறி வைக்கும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டு அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

ஆபரேசன் அன்று காலை அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதல் முறையாக மகள் கையால் மருத்துவம். முகமெல்லாம் பெருமை. எல்லோரிடமும் சொல்வது போலவே, தலையை நேரா வச்சு என்னையப் பாரும்மா என்றேன். அம்மா பார்த்தார். குமிழ் நடுவில் நின்றது. குறி வைத்தேன். குமிழ் நேராகத்தான் இருந்தது. அம்மாவின் தலைதான் சாய்ந்திருந்தது. வேறு யார் வந்து உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சாய்வு என் கண்ணில் பட்டிருக்கும், மோவாயைப் பிடித்து நிமிர்த்தியிருப்பேன். நான் பிறந்தது முதல் பார்த்த அம்மா முகம் அப்படிச் சாய்ந்த முகம்தான். எனக்கு அதுதான் நேர். என் வேலையில் நான் செய்த பெரிய பிழை இது. மகளாக இல்லாமல் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

மறுநாள் கட்டுப் பிரித்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். அம்மா கடகடவென்று கீழ்வரி வரை படித்துவிட்டார். ரஹ்மத் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து வந்தபோதும் அதே போலப் படித்தார். புண் நன்றாக ஆறியிருந்தது. ஒரு மாதம் கழித்துக் கண்ணாடி அளவு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு முன்னால் மூன்று பேர் அந்தப் பலகையைச் சத்தமாகப் படித்ததைக் கதவோரம் உட்கார்ந்து கேட்டு, அத்தனை எழுத்தையும் வரிசை தப்பாமல் மனப்பாடம் செய்திருக்கிறார் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? மகள் வேலை பார்க்கிற இடத்தில், எல்லோர் முன்னாலும் எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தாராம், பிறகு அவரே சொன்னது. மண்டையில் ஏறாது என்று சொன்ன வாத்தியார் அன்று இருந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் நான் வாலிநோக்கம் போயிருந்தேன். அண்ணனும் வந்திருந்தார். அம்மா நாட்காட்டியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார், ஆபரேசன் ஆன கண்ணை முந்தானையால் மூடிக்கொண்டு. எட்ட நிறுத்தி, நாட்காட்டியின் தேதியை அந்தக் கண்ணால் படிக்கச் சொன்னேன். முழித்தார். பிறகு தலையை மெல்லச் சாய்த்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே, ஆபரேசன் பண்ணியும் அம்மா அந்தக் கோணலை விடல பாரு, எப்பவும் இப்படித்தான சாஞ்சிருக்கும் என்றார். அண்ணன் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. அன்று கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவும் இப்படித்தான் சாய்ந்திருந்தார். அண்ணன் பட்டறைக்குக் கிளம்பிய பிறகு அம்மாவிடம் சொல்லி அழுதேன், நான்தான் குறியைக் கோணலாக வைத்துவிட்டேன் என்று. லென்ஸைத் திருப்பி வைக்க முடியும், ஆனால் நாளாக ஆக உள்ளே ஒட்டிக்கொள்ளும், உடனே போக வேண்டும் என்றும் சொன்னேன். வேலை போய்விடும் என்பதையும் சொல்லித் தொலைத்தேன். அம்மா சோறு போட்டார்.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் நின்றோம். டாக்டரம்மா மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துக் கருவியில் பார்த்தார். லென்ஸில் உள்ள கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இந்த லென்ஸ் சில பேருக்குத் தானாகவும் திரும்பிக்கொள்ளும். கண்ணைக் கசக்கினாலும் திரும்பலாம். ஆகவே அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார், கண்ணைக் கசக்கினீர்களா அம்மா என்று. நான் வாயைத் திறக்குமுன் மேசைக்குக் கீழே என் பாதத்தின் மேல் அம்மாவின் பாதம் அழுந்தியது.

“ஆமா டாக்டரம்மா. உறுத்துச்சு. தெரியாத்தனமாக் கசக்கிப்புட்டேன். எம்மக படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு, நாந்தேன் கேக்கல.”

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதம் காத்திருந்து செய்த வேலை இது, படித்த பிள்ளை வீட்டில் இருந்தும் இப்படியா என்று நன்றாகவே கண்டித்தார். அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நோயாளி கண்ணைக் கசக்கியதாகச் சீட்டில் எழுதப்பட்டது. எழுதுகிற பேனாவைப் பார்த்துக்கொண்டே நான் நின்றேன். அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார் என்று இங்கே எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் எந்தச் சத்தியமும் வாங்கவில்லை. நானாகத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாளில் லென்ஸைச் சரியான கோணத்துக்குத் திருப்பி வைத்தார்கள். இந்த முறை ரஹ்மத் குறி வைத்தாள். நான் வேறு சோலி சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். கட்டுப் பிரித்த அன்று எழுத்துப் பலகையைத் தலைகீழாகப் படிக்கச் சொன்னேன், கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை. படித்தார். வெளியே வந்து பஸ் நிலையத்தில் நின்றோம். தூரத்தில் ஒரு பஸ் திரும்பும்போதே, சாயல்குடி என்றார் அம்மா. அடுத்தது கீழக்கரை என்றார். எங்கள் பஸ் வந்தும் ஏறாமல் இன்னும் நாலைந்து பஸ் படித்துவிட்டுத்தான் ஏறினார்.

கண் சரியாகிவிட்டது. பேச்சு சரியாகவில்லை. ஒரே கண்ணுக்கு ஏன் இரண்டு தரம் ஆபரேசன் என்று சொந்தத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். கசக்கிவிட்டேன் என்று அம்மா ஒரு வார்த்தைதான் சொல்வார். அதைப் பிடித்துக்கொண்டு மாமா வைய ஆரம்பிப்பார். கல்யாணம், சடங்கு, துக்க வீடு, எதுவானாலும் சரி. நாலு பேர் கூடினால் மாமா அம்மாவின் கண்ணை எடுத்துவிடுவார். ஊர்ப்பட்ட வைத்தியம் பார்த்துப் பாழாக்கிக்கொண்டவள், கையை அடக்கத் தெரியாதவள் என்று வைவார். எனக்கு மாமா மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. ஒரு தரம் அண்ணன் மகள் காதுகுத்தில், அம்மாவோடு இருபது வருடம் உப்பு வாரிய மாரியக்கா மட்டும் விடவில்லை.

“என்னமோ சொல்றீக. உப்பளத்துக்காரி கண்ணைக் கசக்குவாளா? நான் நம்ப மாட்டேன்.”

மாரியக்காவின் பார்வை அம்மாவிடமிருந்து என் பக்கம் திரும்பியது. அதற்குள் மாமா எழுந்து, இவள் சின்னதிலிருந்தே அப்படித்தான், இவளைப் பற்றி எனக்குத் தெரியாதா உனக்குத் தெரியுமா என்று பந்தலே அதிரக் கத்தினார். மாரியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். இலை போட்டாச்சு, வாங்க என்று யாரோ கூப்பிட்டார்கள். போய்ச் சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் இடது கண். நான் வரவில்லை, ரஹ்மத் குறிக்கட்டும் என்றேன். அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டார். “ஒங் கையாலதேன். இல்லாட்டி எனக்கு இந்தக் கண்ணே வேணாம்” என்றார். ரஹ்மத் எதிரே நின்று தலையைப் பார்த்துக்கொள்ள, நான் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினேன். நேராக நிமிர்ந்த அம்மாவின் முகம் எனக்கு வேறு யாரோ ஒருவர் முகம் போல இருந்தது. அந்த வேறு யாரோவின் கண்ணில்தான் நான் குறி வைத்தேன். லென்ஸ் வைத்த இடத்தில் அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு அம்மாவுக்குக் கிடைத்தது மூன்று ஆண்டுகள்கூட முழுதாக இல்லை. ஆனால் அந்த நாள்களை அவர் வீணடிக்கவில்லை. உச்சிப்புளிக்குத் தனியாக வந்து பட்டறை வாசலில் நின்று அண்ணனைத் திகைக்க வைப்பார். மாமா வீட்டுக்கு மாதம் ஒரு தரம் போய்வருவார். பொது இடத்தில் அப்படி வைகிற மனிதர் வீட்டுக்கு எதற்குப் போகிறார் என்று நான் சடைத்துக்கொள்வேன். பஸ் நிறுத்தத்தில் யாராவது தடுமாறி நின்றால் அவர் கேட்குமுன் அம்மாவே ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவார். யார் பசியோடு வந்தாலும் சோறு போடுவார், யாரைப் பற்றியும் புறம் பேசமாட்டார். இதெல்லாம் எல்லா மலரிலும் எழுதுவதுதான் என்று தெரியும். எங்கள் அம்மா விசயத்தில் உண்மை என்பதால் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்தது. இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். பத்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று அவரே சொன்னார். கடைசி வாரத்தில் ஒரு பகலில், அம்மா, நான் எல்லாரிடமும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். எதை என்று அவர் கேட்கவில்லை. ஜன்னலைச் சாத்து தாயி, மூஞ்சில வெயில் அடிக்குது என்றார். சாத்தினேன். அப்படியே தூங்கிவிட்டார். மூன்றாம் நாள் காலை, அண்ணனும் நானும் பக்கத்தில் இருக்கும்போதே அமைதியாகப் போய்விட்டார்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். முதலில் டாக்டரம்மாவிடம் போய் நின்று சொன்னேன். அவர் பழைய சீட்டை எடுத்து வரச் சொல்லிப் படித்தார். குறி தவறுவது எந்த ஊரிலும் நடக்கும், அன்றே சொல்லியிருந்தால் அந்த அம்மாவை நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேனே என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். கசக்கியதாக எழுதிய வரியைக் கோடிட்டு அடித்து, காரணத்தை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். இனி யாரும் தன் சொந்தக்காரர் கண்ணுக்குக் குறி வைக்கக் கூடாது, மற்றவர்களுக்கு வைக்கும்போதும் தலை நேராக இருக்கிறதா என்று இன்னொருவர் எதிரே நின்று பார்க்க வேண்டும் என்று அன்றே விதி செய்துவிட்டார். நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். அதற்காக அவருக்கு நன்றி. ரஹ்மத்துக்கும், பத்து நாளும் அம்மாவைத் தன் தாய் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கடைசி வரை தண்ணீரும் கஞ்சியும் சுமந்த வாலிநோக்கத்து அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. மாரியக்காவிடம் மன்னிப்பு.

இரண்டாவது ஆள் மாமா. எழுதியதை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்து முழுவதும் வாசித்தேன். அவர் மேல் எனக்கு இருந்த வெறுப்பை எழுதிய இடத்தையும் விடாமல்தான் வாசித்தேன். மாமா வெகுநேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

“அவ எங்கிட்ட அப்பவே சொல்லிட்டா தாயி. ரெண்டாவது ஆபரேசன் முடிஞ்சு பாக்க வந்தேன்ல, அன்னைக்கே. புள்ளைக்குக் கை தவறிப்போச்சுண்ணே, ஆராச்சும் நோண்டிக் கேட்டா அவ தாங்க மாட்டா, நாலு பேரு இருக்கையில நீ என்னைய நல்லா வஞ்சுரு, நீ வஞ்சா வேற ஆரும் ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாகன்னா. மொதத் தடவ எனக்கு நாக்கே எழும்பல. அவதேன் சாடை காட்டுனா. அப்பறம் ஒவ்வொரு விசேசத்துக்கும் முன்னாடி போன் போடுவா, இன்னைக்கும் ஒரு வார்த்தை மறக்காம வஞ்சுருண்ணேன்னு.”

மாமா தொடர்ந்தார். “எழுதுறதுன்னா இதையும் எழுதிரு. பொறந்தவளக் கண்ட எடத்துல வையிறவன்னு ஊரே என்னையப் பேசுது. நீயும் எங்கிட்டப் பேசாம இருந்த. அவ போன பெறகும் யாரு கேட்டாலும் நான் விட்டுக் குடுக்கல.”

உதவியவர்களுக்கு நன்றி சொல்லி முடிப்பது இம்மாதிரி மலர்களின் வழக்கம். வைததற்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்கேயும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் சொல்கிறோம். எங்கள் அம்மாவை ஊரார் முன்னிலையில் நான்கு ஆண்டுகள் வைத மாமாவின் பாதங்களில் எங்கள் குடும்பத்தின் நன்றி.